நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

கண்ணை மூடிக்கொள் என்றால்
கிளீட்டஸ் பாதிதான் மூடுவான்.
முழங்கைக்குக் கீழே தொடங்கி
நடுவிரலால் கொட்டிக்கொண்டே இறங்குகிறேன்.
"இங்கே?"
"இல்ல."
"இங்கே?"
"இல்ல. ஆ... கரண்டு."
அந்த இடத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு,
பக்கத்தில் தேதி.
அண்ணன் கையில் இப்போது ஏழு கோடுகள்,
குளிக்கும்போது அழிந்ததெல்லாம்
நான் திரும்ப வரைந்தவை.

மினிக்காய்க்கு மேற்கே, பதினோராம் நாள் இரவு
சுறா இழுத்த தூண்டில் கம்பி அவன் முன்கையைச் சுற்றியது.
தேங்காய்ப்பட்டினம் வந்து சேர மூன்று நாள்.
அறுந்த நரம்பை மார்த்தாண்டத்தில்
முடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள்.
தைத்தது உறையை மட்டும்தான்.
உள்ளிருக்கும் இழைகள் மேல்முனையிலிருந்து
தாங்களாகவே வளர்ந்து வரவேண்டும்,
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்,
எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

என் ஆய்வகத்தில்
கோழிக்கருவிலிருந்து எடுத்த நரம்பிழை ஒன்றின் முனையை
பல இரவுகள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
கண்ணாடித் தட்டில் விரல்களை நீட்டும், மடக்கும்,
கரண்ட் போன வீட்டில் செருப்பு தேடும் கால்போல
தடவித் தடவி முன்னே போகும்.
அதன் வழியில் ஒரு சர்க்கரைக் கோடு பூசிவைப்போம்.
(சர்க்கரை என்றதும் அம்மா கேட்டாள், இனிக்குமா?
நக்கிப் பார்க்கவில்லை. ஆனாலும் இனிக்காது.)
செல்களைச் சுற்றி அடர்ந்து கிடக்கும் நீண்ட சங்கிலி,
கண்ணிக்குக் கண்ணி கந்தகம் ஏறியது.
தொட்டதும் முனை நிற்கும்.
சில திரும்பிவிடும்.
சில அங்கேயே வீங்கி உருண்டு
போகவும் முடியாமல் சாகவும் முடியாமல் கிடக்கும்,
உடம்புக்குள் என்றால் வருடக்கணக்கில்.

இன்னொரு சர்க்கரையும் உண்டு.
அதே வாசலில்தான் அதுவும் வந்து தட்டும்,
அதற்கு முனை எழுந்து நடக்கும்.
ஏன் என்று எங்கள் கூட்டங்களில் இன்னும் சண்டை.

தடுக்கிற சர்க்கரை குளிர்பெட்டியில்
இரண்டு குப்பிகளில் இருக்கிறது, வெள்ளைப் பொடி.
ஒன்று சுறாவின் குருத்தெலும்பிலிருந்து,
மற்றது கணவாயிலிருந்து.
கந்தகம் உட்காரும் இடம்தான் வித்தியாசம்.
சுறாவினுடையது ஓரளவு விட்டுக்கொடுக்கும்,
கணவாய் கறார்.
முதல் நாள் அந்த லேபிளை வாசித்தபோது
தூத்தூரில் பாதிப்பேரின் கைகள் கண்முன் வந்தன.

கிளீட்டஸிடம் சொன்னேன்.
"அப்போ அது எனக்க கைக்குள்ளயும் கிடக்கா?"
கிடக்கு. எல்லாருக்கும். உன் உடம்பு செய்ததுதான்.
"வெட்டி எடுக்கப் படாதா?"
ஒரு பாக்டீரியாவின் நொதி வெட்டும்.
எலிகளுக்குக் கொடுத்தோம்,
சில எலிகள் பாதத்தை ஊன்றின.
மனுஷனுக்கு இன்னும் இல்லை.
"எலிக்கு உள்ள யோகம்" என்று சிரித்தான்,
டீ கிளாஸ் சுடுவது வலது கைக்குத் தெரியாமல்.
நான் வாங்கி வைத்தேன்.

ஐந்தும் ஆறும் ஏழும்
ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே கோடு.
மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே,
ஐந்து வாரமாக.

இன்று கொட்டினேன்.
கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே
"ஆ, கரண்டு" என்றான்.
சந்தோஷம் தொண்டைவரை வந்தது.
அதை விழுங்கிவிட்டு
என் துப்பட்டாவால் அவன் கண்ணைக் கட்டினேன்.
மேசையைக் கொட்டினேன்.
"ஆ," என்றான். "கரண்டு."

வெளியே கால்வாயில் யாரோ
பிளாஸ்டிக் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
அது முடிகிறவரை நாங்கள் பேசவில்லை.
"லீவு போட்டுப் போட்டு வாறியே ஏட்டி,"
என்றான் கட்டை அவிழ்க்காமல்.

பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.
பழைய இடத்திலேயே எட்டாவது கோடு,
இன்றைய தேதி.